ஊசியவர்கள் உள்ளே வரக்கூடாது

அக்குறணையில் மஹ்ரூப் ஹாஜியாரின் இரும்புக் கடைக்கு வருகிறவர்கள் முதலில் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். மகள் நிற்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் விலையைக் குறைக்கச் சொல்வார்கள். மகள் ஷஹ்மாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பள்ளிக்கூடம் போகிற வயதில், நல்ல ஆணியைக் கொண்டுபோய் மழையில் போட்டுவிட்டு, “துருப்பிடிச்ச ஆணி தந்தீங்க” என்று திருப்பிக் கொடுக்க வந்த, வீடு கட்டுகிற மேசன் ஒருவரை அவள் பஸ் தரிப்பு வரைக்கும் துரத்திக்கொண்டு போனாள். அந்த மனிதர் தப்பினால் போதும் என்று ஏறிய பஸ் அவருடைய ஊருக்கே போகாத பஸ். கடைக்குத் திரும்பியவளை வாப்பா ஏசினார். அவள் அழவில்லை.

“செய்யாதத செஞ்சதாச் செல்றது எனக்கு ஏலாது வாப்பா. அடிச்சாலும் பரவாயில்ல. பொய் செல்லக் கூடா.”

அந்தக் குணம் அவளுக்கு இன்றுவரை மாறவில்லை. இப்போது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கெலிஓயாப் பக்கம் மலைச்சரிவில் ஒரு தனியார் ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கேதான் ஆராய்ச்சி உதவியாளராக இருக்கிறாள். காலையில் மாத்தளை பஸ்ஸில் கண்டிக்கு வந்து, அங்கே இன்னொரு பஸ் பிடித்து, மழைநாளில் சப்பாத்தெல்லாம் சேறாகி வேலைக்குப் போவாள். உம்மா றம்லத்துக்கு மகள் என்ன வேலை செய்கிறாள் என்று பக்கத்து வீட்டாருக்குச் சொல்லத் தெரியாது. “கரிக்குள்ள காத்து அடைக்கிறாளாம்” என்பார். அது பிழையும் இல்லை.

கரிதான். காபன் அணுக்களால் ஆன குழாய், நனோகுழாய் என்பார்கள். கண்ணுக்குத் தெரிவது ஒரு போத்தல் கறுப்புத் தூள் மட்டும்தான். அந்தத் தூளில் கோடிக்கணக்கான குழாய்கள் இருக்கும். அதன் துவாரம், ஒட்சிசன் மூலக்கூறு ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக வரிசையில் மட்டுமே போகக்கூடிய அளவுக்கு ஒடுக்கம். ஒட்சிசன் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். அவற்றை ஒற்றை வரிசையில் அடைத்து நன்றாகக் குளிரவைத்தால் அந்தக் காந்தங்கள் என்ன செய்யும் என்பதுதான் ஷஹ்மாவின் கேள்வி.

ஒரு நாள் கடையை மூடுகிற நேரம் வாப்பா அதைக் கேட்டார். சாமான் எடுத்துக் கொடுக்கும் பவாஸையும், சும்மா நின்ற இன்னும் இரண்டு பேரையும் அவள் வரிசையாக நிற்கவைத்தாள்.

“ஆளுக்கு ரெண்டு கைதானே வாப்பா. இப்ப எல்லாரும் பக்கத்து ஆள்ட கையப் புடிங்க. நடுவுல நிக்கிறவருக்கு ரெண்டு கையும் போயிட்டு. அவரால ஒண்டையும் தொட ஏலா. ஓரத்துல நிக்கிற ரெண்டு பேருக்கும் மட்டும் ஒவ்வொரு கை மிச்சம். ஒட்சிசனும் இப்படித்தான். நடு முழுக்க அமைதியாகிடும். ரெண்டு முனையில மட்டும் பாதிப் பாதிக் காந்தம் மிஞ்சும். அந்தப் பாதியத்தான் நான் தேடுறன்.”

“அத எப்படிக் காணுற?”

“ஜப்பான்ல பெரிய மெஷின் ஒண்டு ஈக்கி. அதுல வச்சாத்தான் தெரியும். ஆனா தூளுக்குள்ள இரும்பு கொஞ்சம் கலந்தாலும் போச்சு. இரும்பு போடுற சத்தத்துல இந்தப் பாதி கேக்கவே கேக்காது.”

ஹாஜியார் சிரித்தார். “இரும்புக் கடக்காரன்ட மகள் இரும்புக்குப் பயப்படுறா.”

பயப்படத்தான் செய்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, மாதிரி தயாரிக்கும் அறைக்குள் போகுமுன் தலைச்சீலையில் குத்திய ஊசி எல்லாவற்றையும் கழற்றி, வெளியே தன் மேசை லாச்சியில் ஒரு டொபி டின்னுக்குள் போட்டுவிடுவாள். ஊசியே தேவைப்படாத, தலைவழியாக மாட்டுகிற தைத்த சீலை ஒன்றை உள்ளே போடுவதற்கென்றே வைத்திருந்தாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

அவளோடு அதே அறையில் வேலை செய்தவள் டிலானி. ஷஹ்மாவைவிடச் சிறியவள், மலையகத் தமிழ்ப் பிள்ளை, அதிகம் பேசாது. இரண்டு பேரும் ஆளுக்கொரு மாதிரி தயாரித்தார்கள். குழாய்த் தூளைச் சூடாக்கி, காற்றை எடுத்துவிட்டு, ஒட்சிசனை விட்டு, கண்ணாடிக் குழலின் வாயை உருக்கி மூடி ஜப்பானுக்கு அனுப்பினார்கள். மாதிரிகள் சரியாக இருந்தால், அடுத்த கட்டமாக ஒரு ஆள் அங்கே போய் மெஷினில் தானே அளக்கலாம். அந்த ஆள் ஷஹ்மா என்று பேசி முடித்தாகிவிட்டது. அவள் கடவுச்சீட்டு எடுத்துவிட்டாள். உம்மா குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டையும் வாங்கிவிட்டார்.

வழக்கமாக வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை குறைவு. அப்படி ஒரு நாள் பொறுப்பாளர் தென்னக்கோன் சேர் அவளைக் கூப்பிட்டார். நல்ல படிப்புள்ளவர், கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஆனால் எதையும் ஆற அமர இருந்து பார்க்கத் தெரியாத மனிதர்.

“உங்கட சாம்பிள்ல இரும்பு இருக்காம். நிறைய,” என்றார் சிங்களத்தில். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் தலைச்சீலையைப் பார்த்தார். “இந்தப் பின் ஊசியாலதான் வந்திருக்கும்.”

ஷஹ்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. அடக்கிக்கொண்டாள்.

“நான் பின்னோட உள்ள போறதில்ல சேர்.”

“நீங்க கவனிக்காம விட்டிருப்பீங்க. ஒரு தரம் போதுமே.”

“தூள்லயே இரும்பு இருந்திருக்கலாம். இரும்ப வச்சுத்தான் இந்தக் குழாயையே வளக்கிறாங்க. கழுவாம வந்திருந்தா? ஆரம்பத்திலேயே சோதிச்சுப் பாப்பம் எண்டு நான் கேட்டன். நேரம் வீண் எண்டு நீங்கதான் சொன்னீங்க.”

“கழுவின தூள் எண்டு சொல்லித்தான் வித்தாங்க. டிலானிட சாம்பிள் நல்லா இருக்கு. உங்கடதில மட்டும்தான் பிரச்சினை.” கதிரையைத் திருப்பிக் கணினியைப் பார்க்கத் தொடங்கினார். “அங்க மெஷினுக்குப் பொறுப்பான ஜப்பான் மேடத்துக்கு நான் விளக்கம் சொல்லிட்டேன். எங்கட ஒரு ஆள்ட உடுப்பு விஷயம் எண்டு. இந்த முறை டிலானி போகட்டும்.”

உடுப்பு விஷயமாம். கடல் தாண்டிப் போய்விட்டது அவளுடைய தலைச்சீலை. முகம் தெரியாத ஒரு பெண்மணிக்கு ஷஹ்மாவைப் பற்றித் தெரிந்த ஒரே செய்தி, அவள் ஊசி குத்திக்கொண்டு வந்து வேலையைக் கெடுத்தாள் என்பதுதான். அன்று அவள் கதவை அடித்துச் சாத்திய சாத்தில் வெளியே காவல்காரர் எழுந்து நின்றார்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் அறைக் கதவில் புதிதாக ஒரு அறிவித்தல். மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே ஆங்கிலம். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், ஊசி அணிந்தவர்களுக்கு அனுமதி இல்லை என்று ஒழுங்காக இருந்தது. தமிழில் மட்டும் ‘அணிந்த’ எங்கேயோ விழுந்துபோய்விட்டது. ‘ஊசியவர்கள் உள்ளே வரக்கூடாது’ என்று இருந்தது. இந்த நாட்டில் அறிவித்தலில் தமிழ் சரியாக இருந்தால்தான் ஆச்சரியம். ஷஹ்மா அதையும் ஒரு எழுத்துப்பிழை என்றுதான் நினைத்தாள். அந்த அறைக்குள் ஊசி குத்துகிற ஆள் வேறு யார்? பெயரைப் போட்டே எழுதியிருக்கலாமே என்று பற்றிக்கொண்டு வந்தது.

பின்னால் வந்து நின்ற டிலானி அதை வாசித்துவிட்டு அப்படியே நின்றாள். அவள் முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று.

“என்ன?” என்றாள் ஷஹ்மா.

“அக்கா, இதுக்கு என்னா அர்த்தம்னு உங்களுக்குத் தெரியுமா?”

“ஊசி போட்டவங்க வரக் கூடா. என்னத்தான் செல்றாங்க.”

“இல்லக்கா. எங்க பக்கம் சோறு கெட்டுப்போனா ஊசிப்போச்சுன்னுதான் சொல்வோம். கறி ஊசிப்போச்சு, கொட்டிடும்பாங்க. இது... கெட்டு நாறிப்போன ஆளுங்க உள்ள வரக்கூடாதுன்னு இருக்கு.”

அக்குறணையில் சோறு கெட்டால் பழுதாகிப் போச்சு என்பார்கள். அதனால் ஷஹ்மாவுக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கவில்லை. தெரிந்த பிறகு மறக்க முடியவில்லை. சிரிக்கலாம் என்று பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. டிலானியும் சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வந்தவள்போல வாயைத் திறந்து, மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று பின்னேரம் கண்டியில் இருவரும் ஒரே மாத்தளை பஸ்ஸில்தான் ஏறினார்கள். வழக்கம்போல மஹய்யாவவுக்கு முந்திய தரிப்பில் டிலானி இறங்கிக்கொண்டாள். அதுவரைக்கும் ஷஹ்மா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். தன்னுடைய இடத்தில் ஜப்பான் போகப்போகிறவளோடு பேச அவளுக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளை என்ன பிழை செய்தது என்று புத்தி சொன்னது. வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

வீட்டில் உம்மா நல்லதைத்தான் சொன்னார். “ஒரு பிளாஸ்டிக் கிளிப் போட்டுட்டுப் போ மகள். எதுக்கு வம்பு. நாங்க கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போனா என்ன.”

“எதக் குடுக்கிற உம்மா? நான் செஞ்சிருந்தா காலப் புடிச்சு மன்னிப்புக் கேப்பன். நான் செய்யல்ல. இப்ப நான் ஊசியக் கழட்டினா, செஞ்சத ஒத்துக்கிட்டதா ஆகிடும். அண்டைக்கு மாதிரி துருப்பிடிச்ச ஆணிதான்.”

சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து கடைப் பக்கம் போனாள். அங்கே சீமெந்து மூட்டைகளுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்த்தபடி அது நின்றது. பழைய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து கழற்றிய வட்டக் காந்தத்தைக் கூட்டுகிற தும்புத்தடியின் கம்பில் கட்டி வாப்பா செய்தது. கீழே சிந்தும் ஆணிகளைக் குனியாமல் பொறுக்குவதற்கு அவர் எப்போதும் அதைத்தான் வைத்திருப்பார். ஷஹ்மா சின்ன வயதில் அதை இழுத்துக்கொண்டு கடை முழுவதும் திரிந்திருக்கிறாள். கட்டை அவிழ்த்து, காந்தத்தை மட்டும் கைப்பைக்குள் போட்டாள்.

“அது எனக்கு வேணும்,” என்றார் வாப்பா.

“நாளைக்கு மட்டும் குனிஞ்சு பொறுக்குங்க வாப்பா.”

 அவர் மகளின் முகத்தைப் பார்த்து, அந்த மேசனை நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவள் தலைச்சீலையைக் கட்டிய விதத்தைப் பார்த்து உம்மா வாயில் கை வைத்தார். கழுத்தடியில், தோளில், காதோரத்தில், உச்சியில், வீட்டில் இருந்த அத்தனை ஊசியையும் குத்தியிருந்தாள். கலியாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு ஊசி குத்த மாட்டார்கள். பஸ்ஸில் வெயில் பட்டபோது மினுங்கினாள்.

அன்று ஜப்பான் மேடத்தோடு கணினியில் முகம் பார்த்துப் பேசும் நாள். டிலானியை அறிமுகப்படுத்தத்தான் சேர் அதை ஏற்பாடு செய்திருந்தார். கணினி இருந்ததும் அறிவித்தல் ஒட்டிய அதே அறைக்குள்தான். சேரும் டிலானியும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஷஹ்மா நின்றாள். வேலைக்குச் சேர்ந்த பிறகு முதன்முதலாக, ஊசியோடு அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

“அறிவித்தலைப் பாக்கலயா?” என்றார் சேர்.

“பாத்தேன் சேர்.”

நேரே அலுமாரிக்குப் போனாள். அங்கே, வாங்கிய இரண்டு போத்தல் தூளில் இரண்டாவது, திறக்காமல் இருந்தது. விற்றவர்கள் ஒட்டிய முத்திரை அப்படியே இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து, திரையில் தெரிந்த அந்த நரைத்த தலைக்கு வணக்கம் சொல்லி, ஆங்கிலத்தில் பேசினாள்.  

“மேடம், உடுப்பு விஷயம் என்று உங்களுக்குச் சொன்னார்களே, அந்த ஆள் நான்தான். இது அதே தூள், இன்னொரு போத்தல். முத்திரையைப் பாருங்க. யாரும் திறக்கவில்லை. என் ஊசி இதற்குள் போக வழியே இல்லை.”

போத்தலைக் கெமராவுக்குப் பக்கத்தில் சரித்துப் பிடித்தாள். கைப்பையிலிருந்து ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவைத்தாள். அடியில் கிடந்த கறுப்புத் தூள் ஒரு அசைவு அசைந்தது. பிறகு எறும்புக் கூட்டம்போல ஊர்ந்து வந்து கண்ணாடியில் ஏறி, காந்தத்துக்கு நேரே குவிந்துகொண்டது. காந்தத்தை மெல்ல மேலே நகர்த்தினாள். தூளும் மேலே போனது. கீழே இறக்கினாள். கீழே வந்தது.

வெறும் கரி, ஆணி பொறுக்குகிற காந்தத்துக்குப் பின்னால் இப்படி ஓடாது. அது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

ஜப்பான் மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். “அந்த விளக்கத்தை நான் அப்போதே கேள்வி கேட்டிருக்க வேண்டும்,” என்றார். “ஒரு ஊசியிலிருந்து இவ்வளவு இரும்பு வராது.”

சேர் தொண்டையைச் செருமினார். “இந்த ஒரு போத்தல் அப்படி இருக்கலாம். டிலானியின் மாதிரி...”

“என்னுடையதிலும் இருந்தது,” என்றாள் டிலானி.

அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னுடைய மாதிரியிலும் அதே அளவு இரும்பு. சேர் எனக்குக் காட்டினார். இப்போதைக்கு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். நான் ஊசி குத்துவதில்லை மேடம்.”

ஷஹ்மா திரும்பி அவளைப் பார்த்தாள். சேரைவிட இவள்மேல்தான் அந்த நேரம் கோபம் கூட வந்தது. அடிப்பாவி, தெரிந்துகொண்டே எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பஸ்ஸில் வந்தாயா?

அதற்குப் பிறகு பேச்சு நீளவில்லை. தூளை அமிலத்தில் கழுவி மறுபடி நிரப்ப வேண்டும், முதலில் வருவதாக இருந்தவரே வரட்டும், தனக்கு வந்த விளக்கத்தைத் திருத்தி அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு மேடம் திரையிலிருந்து போய்விட்டார். பயணம் ஷஹ்மாவுக்கே திரும்பி வந்தது. சேர் எழுந்து மேசையில் இருந்த பேனாக்களை அடுக்கினார்.

“சரி. ஒரு தப்பபிப்பிராயம். அதுக்காக இப்படி ஆள் முன்னால செய்யணுமா?” என்றார். “பின் விஷயத்தில கவனமா இருக்கிறது எப்பவும் நல்லதுதானே.”

மன்னிப்பு என்ற சொல் அந்த வாயிலிருந்து வரவே இல்லை. ஷஹ்மா காத்துப் பார்த்தாள். வராது என்று தெரிந்ததும் கதவடிக்குப் போய், அறிவித்தலின் நடு வரியில் விரலை வைத்தாள்.

“இதுல தமிழ்ல என்ன எழுதியிருக்கு தெரியுமா சேர்?”

“மேல உள்ளதுதானே.”

“இல்ல. கெட்டு நாறிப்போன ஆக்கள் உள்ள வரக்கூடாது எண்டு எழுதியிருக்கு.” அதைச் சிங்களத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

அவருடைய காது சிவந்தது. “ஐயோ. அது பொடியன் யாரோ போன்ல போட்டு மொழிபெயர்த்தது. நான் உடனே திருத்தச் சொல்றேன்.”

“திருத்த ஒண்டும் இல்ல சேர். மத்த ரெண்டு மொழியிலயும்தான் பிழை. நீங்க நினைச்சது தமிழ்லதான் சரியா வந்திருக்கு.”

சொல்லிவிட்டு வெளியே வந்து, லாச்சியைத் திறந்து, ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி டொபி டின்னில் போட்டாள். தூள் கழுவும் வேலை கிடந்தது. தைத்த சீலையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். என்றைக்கும் அப்படித்தானே போனாள்.

பின்னேரம் கண்டியில் மாத்தளை பஸ் நிறைந்து வழிந்தது. டிலானி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஷஹ்மா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, நேரே அவள் முகத்தையே பார்த்துக் கேட்டாள்.

“எப்ப தெரியும் உனக்கு?”

“உங்களுக்குச் சொன்ன அன்னைக்கே.”

“தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்த.”

“இருந்தேங்க்கா. வேல போயிடும்னு பயம். ஜப்பான் போற ஆசையும் இருந்துச்சு, பொய் சொல்லல.” டிலானி மடியில் இருந்த பையைப் பார்த்துப் பேசினாள். “அந்தப் பேப்பரக் கதவுல பாத்ததும்தான் என்னால முடியல. எங்க அப்பாவுக்கு ரோடு கூட்டுற வேல. ஸ்கூல்ல எங்க லயத்துப் புள்ளைங்க பக்கத்துல வந்தா, ஊசிப்போன வாட வருதுன்னு மூக்கப் பொத்துவாங்க. தமிழ்ப் புள்ளைங்கதான். அதே வார்த்தைக்கா. அத ஒட்டி வச்சிருக்கிற கதவுக்கு உள்பக்கம் நான் உக்காந்திருக்கேன்.”

 பரவாயில்லை என்று சொல்ல ஷஹ்மாவுக்கு வரவில்லை. பரவாயில்லாத விஷயத்தை எப்படிப் பரவாயில்லை என்று சொல்வது? வேலையை இழந்தாலும் சரி என்று டிலானி பேசியிருக்கிறாள், அதுவும் தெரிந்தது. 

வழக்கமான தரிப்பில் பஸ் நின்றது. டிலானி எழும்பவில்லை.

“எறங்கல்லயா நீ?”

“இங்க இல்லக்கா. இங்கருந்து தெனம் நடந்துதான் போவேன். மஹய்யாவன்னா ரோடு கூட்டுறவங்க லயம்னு எல்லாருக்கும் தெரியும். அங்க எறங்குறத ஆளுங்க பாத்துடக் கூடாதுன்னு.”

பஸ் மறுபடி கிளம்பியது. டிலானி எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் முழுவதற்கும் கேட்கிற மாதிரி கொண்டக்டரைக் கூப்பிட்டாள்.

“மஹய்யாவ எறக்கம்.”

முன் இருக்கையில் இருந்த ஒரு பெண்மணி திரும்பி டிலானியை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்ன பாக்கிறீங்க?” என்றாள் ஷஹ்மா.

பெண்மணி முன்னால் திரும்பிக்கொண்டாள். டிலானி இறங்க வசதியாக, ஷஹ்மா வழியில் வைத்திருந்த தன் பையைத் தூக்கி மடியில் வைத்து வழிவிட்டாள்.

“நாளைக்கு நேரத்தோட வா,” என்றாள். “அமிலம் எடுத்து வைக்கணும். உன்மேல கோபம் இன்னும் போகல்ல எனக்கு.”